மன்றக் குறிப்பேடும் மக்கள் தலைமையும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

25 ஆண்டுகளுக்கு முன்னர், நம் பிள்ளைகள் மாலையில் அமர்ந்து படிக்க ஒரு விளக்கும் ஒரு பாயும் வேண்டும் என்று எண்ணிய சிலரால் தொடங்கப்பெற்ற சங்கம் இது. அந்த விளக்கொளியில் படித்தவர்கள் இன்று அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பள்ளிகளிலும் பணிபுரிகின்றனர். தேர்ச்சி பெற்றவர்களை எண்ணிப் பார்த்து மகிழும் நாள் இது. மகிழ்வோம். ஆயினும், தேர்ச்சி பெற்ற நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் ஒரு கூட்டத்தைக் கூட்டி, நடத்தி, முடிவு கண்டு, கணக்கு ஒப்புவிக்க வல்லவர்கள் என்ற வினாவையும் இதே நாளில் எழுப்புவது தகும் எனக் கருதுகிறோம். ‘மாணவர் மன்றங்களும் தலைமைப் பண்பும்’ என்னும் பொருளில் பேசுமாறு நமக்கு இட்ட பணியை அவ்வினாவிலிருந்தே தொடங்குகிறோம்.

தலைமை என்றவுடன் மாலையும் மேடையும் ஒலிபெருக்கியும் நம் நினைவுக்கு வருகின்றன. அது பிறவியிலேயே சிலருக்கு வாய்ப்பது என்றும், குரல்வளம் உடையவர்க்கே உரியது என்றும் எண்ணிவிடுகிறோம். 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளோடு பழகிய நாம் அவ்வாறு கருதவில்லை. தலைமை என்பது நான்கு வேலைகள். கூட்டத்தை முறையாகக் கூட்டுதல் ஒன்று. நடந்ததை நடந்தவாறே எழுதி வைத்தல் இரண்டு. பொதுப் பணத்திற்குக் கணக்குக் காட்டுதல் மூன்று. மாற்றுக் கருத்தைப் பொறுமையாகக் கேட்டு, பலர் ஒப்பும் முடிவுக்கு வருதல் நான்கு. நீந்தக் கற்பவன் நீரில் இறங்கியே தீர வேண்டும்; இந்நான்கும் அவ்வாறே செய்து பழகினால் மட்டும் வருவன. தவறு செய்தாலும் பெருங்கேடு விளையாத இடத்தில் பழகுவது நலம். அத்தகைய இடம் பள்ளியின் மாணவர் மன்றமே.

இது நம் சமுதாயத்திற்கு ஏன் தலையாய செய்தி ஆகிறது? 1992ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம், ஊராட்சித் தலைமையில் நமக்கும் மகளிர்க்கும் இடம் ஒதுக்கியது. அதன் வழியே 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996இல் தேர்தல் நடந்தது. சட்டம் நாற்காலியைத் தந்தது. அதில் அமரச் சென்றவர்க்கு நேர்ந்தது என்ன? மேலவளவு ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 2006ஆம் ஆண்டுவரை, பத்தாண்டுக் காலம், ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியில் எவரும் நிலைத்து அமர இயலவில்லை.

இவை வன்மம் வெளிப்படையாக நின்று தடுத்த வரலாறு. ஓசையின்றித் தடுப்பதும் ஒன்று உண்டு. தலைவர் நம்மவராக இருப்பார். தீர்மானப் புத்தகம் வேறொருவர் வீட்டில் இருக்கும். மாதம் ஒருமுறை யாரோ ஒருவர் வந்து, விரல் வைத்துக் காட்டும் இடத்தில் தலைவர் கையெழுத்திடுவார். அவர் படிக்காதவர் அல்லர். சில வேளைகளில் பட்டதாரியாகவும் இருப்பார். எனினும், “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அப்பழக்கத்தை எந்தத் தேர்வும் கற்பிக்கவில்லை. வன்முறையைத் தடுக்கச் சட்டமும் காவலும் வேண்டும். இந்த ஓசையற்ற தடையை நீக்குவதற்கோ 13 வயதிலேயே பயிற்சி தொடங்க வேண்டும்.

நம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூற அவை இசைவு தர வேண்டும். நாம் ஒன்பதாம் வகுப்புப் பயின்றது 1980களின் தொடக்கத்தில். அப்பள்ளியின் பெயர் இங்கு வேண்டா. வெள்ளிக்கிழமை பிற்பகல் இலக்கிய மன்றக் கூட்டம் நடைபெறும். வகுப்பறையிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கி வந்து வரிசையாகப் போடுவதும், தரையில் நீர் தெளிப்பதும், சிறப்பு விருந்தினர்க்குச் சோடா வாங்கி வருவதும் சேரிப் பிள்ளைகளாகிய நம் வேலை. யாரும் அதனைச் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆயினும், பேர் சொல்லி அழைக்காமலே நாங்கள் எழுந்து போவோம். மூன்று ஆண்டுகள் அம்மேடையைப் பக்கவாட்டிலிருந்துதான் கண்டோம்.

நம் கையெழுத்து திருத்தமாக இருக்கக் கண்ட தமிழாசிரியர் ஒருவர், ஒருநாள் மன்றக் குறிப்பேட்டை நம் கையில் கொடுத்து, “நடப்பதை எழுது, உன் விருப்பத்தை எழுதாதே” என்றார். அவ்வாறே எழுதினோம். தலைவர் யார், பேசியவர் யார், என்ன தலைப்பு, எத்தனை மணிக்கு முடிந்தது என்று எழுதியபின், இறுதியில் ஒரு வரி சேர்த்தோம்: பெஞ்சுகளைச் சுமந்து வந்தவர்கள் இன்னின்னார். ஆறு பெயர்கள். அடுத்த கூட்டத்தில் குறிப்பைப் படிக்கும்போது மன்றத் தலைவனாக இருந்த மாணவன் எழுந்து, அந்த வரி தேவையில்லை, அடித்துவிடலாம் என்றான். ஆசிரியர் ஒரே ஒரு வினாத்தான் கேட்டார்: “நடந்ததா, இல்லையா?” அவையில் ஒருவரும் பேசவில்லை. “நடந்தது என்றால் இருக்கட்டும்” என்று கூறி, அடியில் கையொப்பமிட்டார்.

அன்று நாம் பெரிய சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. எனினும் இரண்டு செய்திகள் விளங்கின. எழுதுபவன் எழுதாமல் விட்டால் நடந்ததும் நடவாததாகிவிடும் என்பது ஒன்று. குறிப்பு படிக்கப்படும்போது அவை முழுவதும் நம் குரலுக்குச் செவிசாய்த்தே ஆக வேண்டும் என்பது மற்றொன்று. அதற்கு அடுத்த வாரம் பெஞ்சு சுமக்க வேறு தெருப் பிள்ளைகளும் இருவர் வந்தனர். ஏன் வந்தனர் என்பதை இன்றுவரை நாம் உறுதியாகச் சொல்ல இயலாது. ஒருவேளை அவர்கள் பெயரும் ஏட்டில் ஏற வேண்டும் என்று நினைத்திருக்கலாம்.

நிற்க. நம் முன்னோர் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். எம்.சி. இராஜா அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். இழிவாக வழங்கப்பட்ட பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு வழங்க வேண்டும் என்று 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தவர் அவர். பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றில் எவரையும் தடுத்தல் ஆகாது என்று 1924இல் அதே மன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தவர் இரட்டைமலை சீனிவாசன். இவர்கள் கையில் படைக்கலம் இல்லை, தீர்மானம் இருந்தது. ஒரு கோரிக்கையைத் தெளிவான வாசகமாக எழுதி, முன்மொழிந்து, ஆதரவு திரட்டி, வாக்கில் வெல்லும் கலையே அவர்களது கருவி.

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, 1916 மே 9 அன்று, பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது 25. வகுப்புத் தோழர்கள் முன்னிலையில் படித்து, அவர்களது வினாக்களை எதிர்கொள்ளும் மாணவர் நிகழ்ச்சிதான் அது. அக்கட்டுரை மறு ஆண்டே இதழில் வெளிவந்து, இன்றளவும் அறிஞர்களால் படிக்கப்படுகிறது. 1924இல் பம்பாயில் அவர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. உண்ண உணவும் உறங்க இடமும் தந்ததோடு அச்சபை நிற்கவில்லை. மாணவர்கள் திங்களிதழ் நடத்தவும், வாசகசாலையைப் பயன்படுத்தவும், ஹாக்கி விளையாடவும் வழி செய்தது. பின்னாளில் 1946இல் அவர் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியில் மாணவர் பாராளுமன்றம் ஒன்று இயங்கியது. நாட்டின் சட்ட அமைச்சராக இருந்த அவரே 1950இல் அம்மன்றத்திற்குச் சென்று இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை விளக்கிப் பேசினார். மாணவர் மன்றத்தை அவர் விளையாட்டாகக் கருதவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1942 ஜூலையில் நாகபுரியில் நடைபெற்ற மாபெரும் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ். அந்நாள்களிலேயே அங்கு மகளிர் மாநாடும் சுலோசனா டோங்ரே அம்மையார் தலைமையில் கூடியது. மணவிலக்கு உரிமை வேண்டும் என்றும், பெண் தொழிலாளர்க்கு விடுப்பு வேண்டும் என்றும் அப்பெண்கள் தீர்மானம் நிறைவேற்றினர். நம் மகளிர் அன்றே தீர்மானம் எழுதியவர்கள் என்பதை இங்குள்ள பெண்பிள்ளைகள் மறத்தலாகாது.

இனி, இன்றைய பள்ளிகளில் உள்ள வாய்ப்புகளைக் காண்போம். சாரணர் இயக்கம் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடந்த முகாமில் வேர்கொண்டது. ஏறத்தாழ 20 சிறுவர்கள். செல்வர் பள்ளி மாணவர்களும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் வேறுபாடின்றிக் கலந்து நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். அணிக்கு ஒரு தலைவன்; தன் அணிக்கு அவனே பொறுப்பு. சிறிய குழுவில் முழுப் பொறுப்பு என்பதே அம்முறையின் உயிர். தேசிய மாணவர் படை 1948இல் தோன்றியது. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது. இவற்றோடு இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், பசுமைப் படை, இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம் எனப் பல உள. 2024 நவம்பரில் தமிழக அரசுப் பள்ளிகளில் ‘மகிழ் முற்றம்’ என்னும் அமைப்பு தொடங்கப்பெற்றது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்து குழுக்களில் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் கலந்து பிரிக்கப்படுகின்றனர். அமைப்புக்குக் குறைவில்லை. அவ்வமைப்பில் குழுத் தலைவர் பட்டை யார் சட்டையில் குத்தப்படுகிறது, துடைப்பம் யார் கையில் கொடுக்கப்படுகிறது என்பதே நாம் காண வேண்டுவது.

இவ்விடத்தில் பிறரை மட்டும் குறை கூறிச் செல்லுதல் நேர்மையாகாது. தலைமையாசிரியராகிய நாமே இப்பிழையைச் செய்தோம். நம் பள்ளியில் பல ஆண்டுகள் வரவேற்புரைக்கு ஒரு பெண், நன்றியுரைக்கு ஒரு பையன் என்று இனிய குரலும் நல்ல மதிப்பெண்ணும் உடைய அதே பிள்ளைகளை நிறுத்தினோம். அதிகாரிகள் வரும் நாளில் விழா பிழையின்றி நடக்க வேண்டும் என்பது நம் கவலை. வளாகத்தைத் தூய்மை செய்ய, கொடிக்கம்பத்தைச் சுற்றிக் கோலமிட, நம் தெருப் பிள்ளைகளை அழைத்தோம். சொன்ன வேலையைச் சோம்பாமல் செய்வார்கள் என்ற உரிமையில் அழைத்தோம். ஒருநாள் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, “சார், கூட்டுறதுக்கு மட்டும் எங்க பேரு உங்களுக்கு மறக்கவே மாட்டேங்குது” என்றாள். சினம் வந்தது, மறுகணமே வெட்கம் வந்தது. பெஞ்சு சுமந்த சிறுவன் தலைமையாசிரியர் ஆன பின்னரும் பெஞ்சு சுமப்பவர்களை மாற்றவில்லை என்பதை அச்சிறுமியே நமக்கு உணர்த்தினாள்.

மறுவாரம் முதல் அகர வரிசைப் பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டினோம். பெருக்குவதும் அவ்வரிசை; பேசுவதும் அவ்வரிசை; கொடியேற்றக் கயிற்றை ஆயத்தம் செய்வதும் அவ்வரிசை. சில பெற்றோர்கள் பள்ளிக்கு வந்து தங்கள் பிள்ளை துடைப்பம் தொடக்கூடாது என்றனர். தலைமையாசிரியரின் பெயரும் பட்டியலில் இருப்பதைக் காட்டினோம். பலர் அமைதியாகத் திரும்பினர், ஓரிருவர் மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் பெற்றுச் சென்றனர். விழாக்களும் உடனே சிறக்கவில்லை. நன்றியுரை ஆற்ற வந்த பையன் சிறப்பு விருந்தினரின் பெயரையே மறந்து விழித்தான், அவை சிரித்தது. செய்தி வாசிக்க வந்த பெண் முதல் வரியோடு அழுதுவிட்டாள். ஓராண்டு முழுதும் இவ்வாறே கழிந்தது. இரண்டாம் ஆண்டு சிரிப்பு குறைந்தது. ஏனெனில், சிரித்தவர்களும் ஒருமுறை மேடையேறி நடுங்கியிருந்தனர்.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. கூட்டம் சேர்ப்பதைத் தலைமை எனப் பிள்ளைகள் மயங்குகின்றனர். கையில் வண்ணக் கயிறு கட்டி, சாதி சொல்லிக் குழு சேர்க்கும் கேடு பள்ளி வாயிலுக்குள்ளும் புகுந்துள்ளது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் பிள்ளை ஒருவன் உடன் பயின்ற மாணவர்களாலேயே வீட்டிற்குள் புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். இதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியை உணர்த்தும் கயிறுகளுக்கும் அடையாளங்களுக்கும் பள்ளியில் இடமளிக்கலாகாது எனப் பரிந்துரைத்தது. அவர்கள் கட்டுகிறார்கள், நாமும் ஒரு வண்ணம் கட்டுவோம் என்று நம் இளைஞர் சிலர் எண்ணுவதை அறிவோம். வேண்டா! கயிற்றுக்குப் பின்னால் நிற்பவனுக்கு எவரிடமும் கணக்குக் காட்டும் கடமை இல்லை. ஆதலின் அவன் தலைவன் ஆகான். தன்னை ஒருவன் வினவலாம், தன்னை மாற்றலாம் என்று ஒப்புக்கொண்டு நிற்பவனே தலைவன்.

ஆகவே, வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தின் முன் ஐந்து வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, நம் மாலைப் படிப்பகத்தில் மாணவர் மன்றம் ஒன்று அமைதல் வேண்டும். திங்கள்தோறும் ஒருமுறை, ஏழு நாள் முன்னறிவிப்போடு அது கூட வேண்டும்.

இரண்டாவது, தலைவர், செயலாளர், பொருளாளர் பொறுப்புகள் மூன்று திங்களுக்கு ஒருமுறை மாறுதல் வேண்டும். ஒருமுறை இருந்தவர், எஞ்சியோர் அனைவரும் இருந்த பின்னரே மீண்டும் வரலாம். பாதிப் பொறுப்புகள் பெண்பிள்ளைகளுக்கு உரியவை. செயலாளர் பொறுப்பை மட்டும் பெண்களுக்கு ஒதுக்கி, தலைமையை ஆண்களுக்கே வைத்துக்கொள்ளும் தந்திரம் கூடாது.

மூன்றாவது, மன்றத்திற்குச் சங்கம் ஒரு சிறு தொகை தருதல் வேண்டும். 500 ரூபாய் போதும். நாளிதழ் வாங்குவதா, பந்து வாங்குவதா, விளக்கு மாற்றுவதா என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும். வரவும் செலவும் இரசீதோடு கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும். பத்து ரூபாய் குறைந்தாலும் ஏன் குறைந்தது என்று கடைசி வரிசைப் பிள்ளை எழுந்து கேட்க வேண்டும். கேட்டவனைப் பகைவனாகக் கருதாத மனம் பொருளாளருக்கு வர வேண்டும். இது பெரியவர்களாகிய நமக்கே அரிதாக வாய்ப்பது. ஆதலின் இளமையிலேயே பழகுதல் நன்று.

நான்காவது, கிராம சபைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுதல் வேண்டும். சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாள்கள் அதற்கென உள்ளன. 18 வயது நிரம்பாதவர்க்கு அங்கு வாக்கு இல்லை. ஆயினும் கண்ணும் செவியும் உண்டு. தீர்மானம் எவ்வாறு படிக்கப்படுகிறது, எது படிக்கப்படாமல் விடப்படுகிறது என்பதை அவர்கள் நோட்டில் குறித்து வந்து, மறுநாள் மன்றத்தில் விவாதிக்கட்டும்.

ஐந்தாவது வேண்டுகோள் மூத்தோராகிய நமக்கே உரியது. பிள்ளைகள் கூட்டம் நடத்தும்போது நாம் பின்வரிசையில் வாய்மூடி அமர்தல் வேண்டும். அவர்கள் தடுமாறும்போது நம் நா துடிக்கும், அடக்க வேண்டும். தடுமாறும் உரிமையை நாம் பறித்தால், பின்னர் ஊரார் முன்னிலையில் அவர்கள் தடுமாறுவார்கள். அங்கு அதன் விலை பெரிது.

இவற்றால் படிப்பு கெடும் என்று சில பெற்றோர் அஞ்சுவர். அந்த அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளவில்லை. கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய்க்கு ஒவ்வொரு மணி நேரமும் விலைமதிப்புடையது. மாதம் இரண்டு மணி நேரமே நாம் கேட்கிறோம். நாலு பேர் முன்னிலையில் கேட்கவும் சொல்லவும் பழகிய பிள்ளை, வகுப்பிலும் புரியாததைப் புரியவில்லை என்று சொல்லும். தேர்ச்சிக்கும் அதுவே வழி.

நிறைவாக ஒரு செய்தி. தூய்மைப் பணியைப் பற்றி வினவினாள் என்றோமே, அச்சிறுமி வளர்ந்தாள். மேல்நிலைக் கல்வியை விடுதியில் தங்கிப் பயின்றாள். அங்கு உணவுக் குழுவில் மாணவர் சார்பில் இருந்து, நாள்தோறும் அரிசியும் பருப்பும் அளந்து கொடுக்கப்படுவதை ஏட்டில் குறித்து வந்தாள். திருமணத்திற்குப் பின் வேறோர் ஊரில் வாழ்ந்து, ஒதுக்கீட்டுத் தொகுதியில் நின்று ஊராட்சித் தலைவர் ஆனாள். பதவியேற்ற முதல் வாரம் தீர்மானப் புத்தகம் வந்தது. எழுத வேண்டிய பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அடியில் கையெழுத்து மட்டும் கேட்கப்பட்டது. “அவசரம், பிறகு எழுதிக்கொள்ளலாம்” என்றார்களாம். “எழுதிக் கொண்டு வாங்க, படிச்சுட்டுப் போடுறேன்” என்றாளாம். முகம் சுளித்தனர், வேலை நின்றுபோகும் என்று அச்சுறுத்தினர், மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் எழுதப்பெற்ற பக்கங்களோடு புத்தகம் அவள் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. அவள் முழுவதும் படித்தாள். ஒரு தொகையைத் திருத்தச் சொன்னாள். பின்னர்க் கையெழுத்திட்டாள்.

இதனை அவளே நம்மிடம் வந்து சொன்னாள். “பயமா இல்லையாம்மா?” என்றோம். “கை நடுங்குச்சு சார். ஆனா மொத நாள் மேடையில நடுங்குன அளவுக்கு இல்ல” என்றாள்.

இளைஞர்களே! அந்த முதல் நடுக்கத்தை உங்களுக்கு இங்கேயே, நம் படிப்பகத்திலேயே, உற்றார் நடுவிலேயே தர விரும்புகிறோம். பெஞ்சுகளை நாமே சுமப்போம். எல்லோரும் சேர்ந்து சுமப்போம். சுமந்தவர் பெயரை ஏட்டில் எழுதுவோம். பின்னர் அதே பெஞ்சுகளில் அமர்ந்து கூட்டத்தைத் தொடங்குவோம். அடுத்த 25 ஆண்டுகளுக்குப் பின் இச்சங்கத்தின் பொன்விழாவில், இன்று பின்வரிசையில் அமர்ந்துள்ள பிள்ளை ஒருவர் தலைமை தாங்க, இன்னொருவர் கணக்குப் படிக்க, மூன்றாமவர் எழுந்து அக்கணக்கில் ஓர் ஐயம் கேட்க வேண்டும். அதுவே நம் விருப்பம்.